அவர் புதைத்துவிட்டு வந்த மெழுகுக்கட்டி

மழை பெய்தால் எங்கள் அடுப்படியில் ஒழுகுகிற இடம் ஒன்று உண்டு. மேலே மட்டப்பாவில் எத்தனை தடவை சிமெண்டு பூசினாலும், ஐப்பசியின் முதல் பெருமழைக்கு அம்மிக்கும் பின்கதவுக்கும் நடுவில் சொட்டு விழத் தொடங்கிவிடும். அந்த வீடு என் வீட்டுக்காரரின் சம்பாத்தியத்தில் கட்டியது. ஆனால் சொட்டு எங்கே விழும் என்று அவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு இந்த ஊர் மழையை அவர் பார்த்ததே இல்லை.

துபாயில் ஒரு மளிகைக் கடையில் அவருக்கு வேலை. கோடையில் முதலாளி குடும்பத்தோடு எங்காவது குளிர்ந்த நாட்டுக்குப் போய்விடுவார். கடையில் வியாபாரம் படுத்துவிடும். அப்போதுதான் இவருக்கு லீவு. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார், நுங்கு தின்பார், கிணறு வற்றிக் கிடப்பதைப் பார்த்து உச்சுக் கொட்டுவார், போய்விடுவார். அவர் கண்ணுக்கு எங்கள் ஊர் எப்போதும் காய்ந்த ஊர். ஊரணியில் தண்ணீர் தளும்பி நிற்பதையும், வாடைக்காற்றில் கடல் கலங்கிச் சேற்று நிறமாகக் கிடப்பதையும், அடுத்த வீட்டு ஆடுகள் எங்கள் தாழ்வாரத்தில் வந்து ஒண்டிக்கொள்வதையும் நான் தனியாகத்தான் பார்த்தேன்.

ஒரு மழைக்காலம் முழுக்க அவர் வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு ஆசை என்று இருந்தது அது ஒன்றுதான். வளையல் வேண்டும் என்று கேட்டிருந்தால் வாங்கி அனுப்பியிருப்பார். இதை எப்படிக் கேட்பது? கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமலே காலம் போய்விட்டது.

அப்போது வீட்டில் போன் கிடையாது. கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்துவிடுவார். வீடே டேப்ரிக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து கேட்கும். பிறகு நாங்கள் பதில் பேச வேண்டும். முதலில் மாமி, அவரைப் பெற்ற உம்மா. வாப்பா என்றால் அப்பா; பெற்ற மகனையும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வாப்பா, சாப்பிட்டியா, ஒடம்பப் பாத்துக்க" என்று தொடங்கினால் ஒரு பக்கம் ஓடிவிடும். பிறகு கொழுந்தனார், நாத்தனார். கடைசியில் டேப்ரிக்கார்டரை என் முன்னால் தள்ளுவார்கள். ஆனால் ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள். "நல்லா இருக்கேன்" என்பேன். அதற்கு மேல் வார்த்தை வராது.

ஒரு மழை நாளில் வீட்டில் யாரும் இல்லை. இன்றைக்காவது பேசலாம் என்று பொத்தானை அழுத்தினேன். யாரும் இல்லாத வீட்டிலும் வெட்கம் வந்தது. அப்படியே அம்மி மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மழையும், சொட்டு வாளியில் விழுகிற சத்தமும், நான் பாத்திரம் உருட்டுகிற சத்தமும் பதிந்து அவரிடம் போய்ச் சேர்ந்தன. அடுத்து வந்த கேசட்டில் எல்லாரிடமும் பேசி முடித்துவிட்டு, "மழை கேட்டுச்சு" என்றார். அவ்வளவுதான்.

"என்ன மழ? இவன் என்ன ஒளர்றான்?" என்று மாமி என்னைப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் மழைக்கென்று ஒரு கேசட் போனது.

அதில் ஒன்று அங்கே சிக்கி அறுந்துவிட்டது. அவரோடு அறையில் தங்கியிருந்தவர், கசங்கிப்போன நாடாவை வெட்டி எறிந்துவிட்டு, வேறு கேசட்டிலிருந்து ஒரு துண்டை வைத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறார். லீவில் வந்தபோது அதைப் போட்டுக் காட்டினார். மழை சோவென்று பெய்துகொண்டே இருக்கும், நடுவில் திடீரென்று மாமியின் குரல், "வாப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்கும், மறுபடி மழை.

"ஏலே, நா எப்ப மழையில நின்னு பேசுனேன்?" என்று மாமி கேட்டார்கள். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் அங்கே கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்ததும் ஒரு கோடையில்தான். அப்போது மாமி இல்லை. மவுத்தாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன. மகன் துபாய்க்குப் போயிருந்தான். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். இனி மழைதான் வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்த சில நாளிலேயே, அவர் தொப்பியைச் சரிசெய்யும்போது பார்த்தேன். காதுக்குக் கீழே, தாடையோரம் ஒரு உருண்டை. புளியங்கொட்டை அளவு இருக்கும்.

"இது எப்பருந்து?"

"கெடக்கு புள்ள. வலியா ஒண்ணா?"

கிடக்கட்டும் என்று விட்டது பெரிதாகிக்கொண்டே வந்தது. புரட்டாசியில் மதுரையில் ஆபரேஷன் ஆயிற்று. எச்சில் ஊறுகிற சுரப்பியில் வந்த புற்று, அதிலும் அபூர்வமான வகை என்றார்கள். முகத்து நரம்பில் கொஞ்சம் பட்டு, சிரித்தால் வாய் ஒரு பக்கம் இறங்கிப்போனது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். "வருசக்கணக்கா அந்தக் காதுலேயே செல்லு வச்சுப் பேசுனா?" என்று ஒரு சொந்தக்காரி சொன்னாள். செல் வந்த பிறகு அந்தக் காதில் அவர் பேசியது என்னோடுதான். அந்தச் சொல் நெஞ்சில் கல் போலக் கிடந்தது.

பிறகு கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார்கள். அதற்காக ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். அந்த வருடம் ஊரில் நல்ல மழை. "ஒங்க அடுப்படியில வாளி நெறஞ்சு வழியிது மாமி, நா போயி ஊத்திட்டு வந்தேன்" என்று பக்கத்து வீட்டுப் பெண் போனில் சொன்னாள். மதுரையிலும்தான் பெய்தது. அது பஸ்ஸும் சாக்கடையுமாகச் சத்தம் போடுகிற மழை. அவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்கினார். நான் சன்னலைச் சாத்திவிட்டேன்.

தை மாதம் மறுபடி காட்டப் போயிருந்தபோது, மகன் துபாயிலிருந்து பேசினான். "வாப்பா, அந்த பிளாக்க வாங்கிருங்க. சென்னையில இன்னொரு டாக்டர்ட்ட காட்டலாம்." வெட்டி எடுத்த கட்டியில் ஒரு துணுக்கை மெழுகில் பதித்து ஆஸ்பத்திரியில் வைத்திருப்பார்களாம். தீப்பெட்டியில் பாதி அளவு. கேட்டு எழுதிக் கொடுத்தால் தந்துவிடுவார்கள். "பத்திரம் பெரியவரே, உங்க சதைதான் உள்ள இருக்கு" என்று சொல்லிக் கவுண்டரில் இருந்தவர் கொடுத்தார்.

அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பரமக்குடி தாண்டியதும் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"புள்ள, இது என் ஒடம்புதானே?"

"ஆமா."

"ஒடம்புன்னா மண்ணுக்குத்தானே போகணும்? இத எதுக்கு ஊரு ஊராத் தூக்கிக்கிட்டு அலையணும்?"

எங்கள் ஜனங்களிடம் நகம் வெட்டினால்கூட மண்ணில் புதைக்கிற வழக்கம் உண்டு. மீன்பிடிப் போட்டில் கயிறு சுற்றி விரல் போனவன், அந்த விரலை இறந்தவர்களை அடக்குகிற மையவாடியில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. மறுநாள் அஸர் தொழுதுவிட்டு, அந்த மெழுகுக்கட்டியை வெள்ளைத் துணியில் சுற்றினார். நாய் முகர்ந்து தோண்டிவிடக் கூடாது என்று காலியான பால்பவுடர் டப்பாவில் வைத்து மூடியை அழுத்தினார். கடைக்காரர் அல்லவா, எதையும் மூடி போட்டுத்தான் வைப்பார். மையவாடியில் மாமியின் கபுருக்குக் கால்மாட்டில் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்து காப்பி கேட்டார். மகன் விசாரித்தபோது, "பத்திரமா வச்சிருக்கு" என்றார். சென்னைக்குப் போகிற பேச்சும் அதோடு ஓய்ந்தது.

அடுத்த கோடையில் இருமல் வந்தது. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. படம் எடுத்துப் பார்த்தால், நுரையீரலில் போய் உட்கார்ந்திருந்தது. ஆடிக் கடைசியில் சென்னைக்குப் போனோம்.

சின்ன வயது டாக்டர், பெண்பிள்ளை. மகன் போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போலப் பின்னால், சுவரோரம் நாற்காலியில்.

"அப்பா, உங்களுக்கு வந்திருக்கிற வகையில நிறையப் பேருக்கு ரெண்டு ஜீன் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கும். உங்களுக்கும் அப்படித்தானான்னு பாக்கணும். அப்படி இருந்தா, அதுக்குன்னே ஒரு மாத்திரை இருக்கு. இல்லேன்னா இந்தக் கட்டிக்கு மருந்துன்னு பெரிசா சொல்ல முடியாது" என்றார் டாக்டர். "அந்த மதுரை பிளாக் வேணும். யார்கிட்ட இருக்கு?"

"வாப்பாட்டதான்" என்றான் மகன், போனிலிருந்து.

அவர் மேலே காற்றாடியைப் பார்த்தார். டாக்டர் அவரைப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று தெரியாது.

"மையவாடியில இருக்கு" என்றேன்.

"அது எந்த லேப்மா?"

"லேப் இல்ல. மையத்த அடக்குற எடம். அங்கன பொதச்சிட்டாங்க."

"யா அல்லாஹ்! உம்மா, என்ன சொல்றீய?" என்று போன் அலறியது.

டாக்டர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எப்படிப்பா புதைச்சீங்க, சும்மா மண்ணுலயா?" என்று கேட்டார்.

"டப்பாவுலம்மா. மூடி போட்டுத்தான்" என்றார் அவர், கொஞ்சம் நிமிர்ந்து.

"அதுக்கப்புறம் அங்க மழை பெஞ்சுச்சா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். மழையைப் பற்றி என்னிடம்தானே கேட்க வேண்டும்.

"தையில பொதச்சது. அப்பறம் மண்ணு நனையிற மாதிரி பெய்யல. ஐப்பசிக்குத்தான் பெய்யும்."

"அப்ப அதுக்கு முன்னாடி எடுத்துருங்கம்மா. மெழுகு உருகாம, தண்ணி போகாம இருந்தா போதும். நுரையீரல்ல ஊசி போட்டும் எடுக்கலாம், ஆனா இவருக்கு அது ரத்தக்குழாய் பக்கத்துல இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

வாய் திறந்தது திறந்துவிட்டது. நெஞ்சில் கிடந்த கல்லையும் எடுத்து வைத்துவிட்டேன். "போன் பேசிப் பேசி வந்ததா இது?"

"இல்லம்மா. யார் என்ன செஞ்சும் வந்ததில்ல. நம்ம உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் நீளமா ஒரு நாடா மாதிரி இருக்கு. எப்ப வளரணும், எப்ப நிக்கணும்னு எல்லாம் அதுலதான் இருக்கு. அது எப்பவாச்சும் அறுந்து, தப்பான எடத்துல போய் ஒட்டிக்கும். வளருன்னு சொல்ற ஜீன் இருக்கே, அது தேவைப்பட்டா மட்டும் சொல்லிட்டுப் பேசாம இருந்துரும். அது முன்னாடி வேற ஒரு ஜீனோட துண்டு வந்து ஒட்டிக்கிச்சுன்னா, அப்புறம் வாயே மூடாது. வளரு வளருன்னு சொல்லிக்கிட்டே இருக்கும். தனித்தனியா இருந்தா ரெண்டுமே நல்லதுதான். ஒட்டுனதுதான் வம்பு. அந்த வாயப் பொத்துறதுதான் அந்த மாத்திரை."

"புள்ளைக்கு வருமா?"

"வராது. இது பிறக்கும்போது வந்ததில்ல. அப்பாவோட அந்த எடத்துல மட்டும் நடந்தது."

அவர் என் பக்கம் சாய்ந்து, இறங்கிய வாயோடு மெதுவாகச் சொன்னார்: "நம்ம கேசட்டு மாதிரி."

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒட்டுப்போட்ட அந்த நாடாவில் மழையும் நல்லது, மாமியின் குரலும் நல்லது. சேர்த்தபோது சிரித்தோம். இங்கே சிரிக்க முடியாது.

ஊருக்கு வந்து பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டார். வைத்தியத்துக்கென்றால் எடுக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார். மறுநாள் சாயங்காலம் மையவாடிக்குப் போனோம். எங்கள் ஊரில் பெண்கள் உள்ளே போகிற வழக்கமில்லை. மூச்சு வாங்குகிற மனிதரைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் நான் மதில் ஓரம் வேம்படியில் நின்றேன். பார்க்க முடியாது, பேசுகிறது கேட்கும்.

"காக்கா, எத்தனையோ பேர உள்ள வச்சிருக்கேன்" என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார் குழி வெட்டுகிறவர். "ஒருத்தராச்சும் திரும்பி வந்து, என்னய எங்கன வச்சன்னு கேட்டதில்ல. நீங்கதான் மொத ஆளு."

"நா முழுசா வரும்போது கேக்க மாட்டேன்ல. இப்பத் தோண்டு."

"கல்லு வச்சீங்கன்னீங்களே, காணுமே?"

"உம்மா கால்மாட்டுலதான்டா வச்சேன்."

"எல்லாரும் அவங்கவங்க உம்மா கால்மாட்டுலதான் காக்கா வைக்கிறாக. கடக்காத்து மண்ண அள்ளி மேவிருச்சு. தலமாட்டு மீசான் கல்லே பாதி முங்கிக் கெடக்கு."

மண்வெட்டி விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் இருமுகிற சத்தமும். மேற்கே பார்த்தேன். காலையிலிருந்து புழுங்கியது. வாலிநோக்கம் பக்கம் உப்பளத்துக்கு மேலே கறுத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கத்தில் ஆவணியில் எப்போதாவது ஒரு பாட்டம் கொட்டிவிட்டுப் போகும். ஒரு துளி என் கை மேல் விழுந்தது. வாழ்நாளெல்லாம் எந்த மழைக்கு ஏங்கினேனோ அந்த மழையைப் பார்த்து, "யா ரப்பே, இப்ப வேணாம். கொஞ்சம் பொறுத்து வரட்டும்" என்று கேட்டேன்.

தகரத்தில் மண்வெட்டி பட்ட சத்தம் கேட்டது.

"மெதுவா! மெதுவாடா!"

கையால் அள்ளுகிறார்கள் என்று தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் அவர் வந்தார். சட்டையெல்லாம் மண். உப்பு மண்ணில் டப்பாவின் அடி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. துணியின் ஒரு பக்கம் ஈரம். உள்ளே மெழுகு மட்டும் வெள்ளையாக, கட்டியாக இருந்தது.

"இந்தா புள்ள, பிடி" என்றார். முந்தானையில் வாங்கிக்கொண்டேன். வேகமாக வீட்டுக்கு நடக்கவும் முடியவில்லை. அவரால் எட்டி நடக்க முடியாது. மேகம் எங்களைத் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டது.

சென்னைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மேலாக வெட்டிய துண்டு வீணாகிப்போனதாம். இன்னும் ஆழமாக வெட்டி எடுத்துப் பார்த்தார்களாம். டாக்டரே கூப்பிட்டார். "இருக்குப்பா. ஒட்டியிருக்கு" என்றார். அதைக் கேட்டு நாங்கள் சந்தோஷப்பட்டோம். புற்று இருக்கிற மனிதருக்கு உடம்பில் ஒன்று தப்பாக ஒட்டியிருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்டவர்கள் எங்கள் தெருவில் நாங்களாகத்தான் இருப்போம். அந்த மாத்திரையை விலை கொடுத்து எங்களால் வாங்க முடியாது. டாக்டர் எங்கெங்கோ எழுதிப்போட்டு, ஏதோ ஒரு உதவியில் வரவழைத்துக் கொடுத்தார்.

மெழுகில் மிச்சம் இருப்பதைத் திருப்பி அனுப்பட்டுமா என்றும் கேட்டார்.

"அங்கனயே இருக்கட்டும்மா. நா எப்பவும் ரெண்டு ஊருலதானே இருந்திருக்கேன்" என்றார் இவர்.

மாத்திரை சாப்பிடத் தொடங்கி முதலில் தலை சுற்றியது. சோறு மண் மாதிரி இருக்கிறது என்றார். பிறகு இருமல் குறைந்தது. ஒரு நாள் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து நிற்காமல் வீடு வரை நடந்து வந்துவிட்டார். மறுபடி படம் எடுத்துப் பார்த்ததில், சுருங்கியிருக்கிறது, ஆனால் போய்விடவில்லை என்றார்கள். "எத்தனை நாளைக்குக் கேக்கும்னு என்னால சொல்ல முடியாதும்மா. சில பேருக்கு ரொம்ப நாள் கேக்கும். சில பேருக்கு அது மாத்திரைய ஏமாத்தக் கத்துக்கும்" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். இப்போதெல்லாம் என்னிடம்தான் சொல்கிறார்.

அந்த வருடம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. தினமும் விடிந்ததும் பின்கதவைத் திறந்து கிழக்கே பார்ப்பேன். வெறும் நீலம். அவரை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தாயிற்று, மழை ஏமாற்றிவிடுமோ என்று இருந்தது. ஆவணியில் நான் வேண்டாம் என்று சொன்னதில் கோபித்துக்கொண்டதோ என்றுகூடத் தோன்றியது. அவர் இருமினால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு நின்று கேட்பேன்.

ஐப்பசி கடைசியில், ஒரு மத்தியான வேளை. மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வாடை திரும்பி, மண் வாசம் வந்தது. கொஞ்ச நேரத்தில் சோவென்று பிடித்துக்கொண்டது. அடுத்த வீட்டு ஆடுகள் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தன. அவர் படுக்கையிலிருந்து எழுந்து, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளியலறையிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார்.

"எங்கன ஒழுகும்?"

சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, வாளியைச் சன்னலடியில் வைத்தார். சொட்டு அம்மிப் பக்கம் விழுந்தது. நகர்த்தினார். அது தள்ளிப்போனது மாதிரி அடுத்த சொட்டு அவர் தலையில் விழுந்தது. ஆட்டைப் போலத் தலையை உதறிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். ணங்கென்று விழுந்தது. முக்காலியை இழுத்துப் போட்டு, நல்ல காதை வாளிப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்.

"இதுதானா அது?"

"ஆமா."

"கேசட்டுல இன்னும் தூரத்துல கேட்டுச்சு."

நான் மீன் பக்கம் திரும்பிக்கொண்டேன். கொஞ்சமாகப் பாத்திரத்தை உருட்டினேன், அந்த நாளில் போல.

இப்போது பங்குனி. ஊரணியில் தண்ணீர் பாதிக்கு இறங்கிவிட்டது. மறுபடி படம் எடுக்கச் சென்னைக்குப் போக வேண்டும். என்ன சொல்வார்களோ தெரியாது. அவர் பக்கத்து அறையில்தான் இருக்கிறார், பேப்பர் படிக்கிற சத்தம் கேட்கிறது. இருந்தும், துபாயில் இருந்தபோது எப்படி இருந்ததோ அப்படித்தான் எனக்கு இருக்கிறது. அடுத்த ஐப்பசி எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று மனம் எட்டி எட்டிப் பார்க்கிறது.

அந்த வாளியை நான் எடுத்து வைக்கவில்லை. அம்மிக்கும் கதவுக்கும் நடுவில் அப்படியே காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் மொண்டு குடிக்க வரும்போதெல்லாம் அவர் அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்.

"வெயிலுக்குள்ள இது எதுக்கு புள்ள இங்கன?"

"கெடக்கட்டும்" என்றேன்.